பயோனிக் கைகளின் சந்தையும் எங்கள் வீட்டுக் கணக்கும்

கடந்த ஆண்டு பொங்கலுக்கு முதல் கிழமை, ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். கறுப்பு நிறச் செயற்கைக் கை ஒன்று முட்டையை உடையாமல் தூக்குகிறது, சப்பாத்து நாடாவைக் கட்டுகிறது, கண்ணாடிக் குவளையைப் பிடிக்கிறது. விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்து விரிகின்றன. கீழே ஒரு குரல் பதிவு: “அப்பாவுக்கு இதைத்தான் வாங்கப் போறம். இங்க எல்லாரிட்டையும் காசு சேர்க்கலாம். நீ பத்திரிகைக்காரன்தானே, விசாரிச்சுச் சொல்லு.”

மாமாவுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. 2009 மாசியில் புதுக்குடியிருப்பில் விழுந்த செல் அதைக் கொண்டுபோனது. இன்று முல்லைத்தீவில் தோட்டம் செய்கிறார். மண்வெட்டிப் பிடியை எஞ்சிய கையோடு துணியால் கட்டிக்கொண்டுதான் கொத்துவார்.

மச்சானுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடத் தொடங்கினேன். சில மாதங்கள் வாசித்ததில், இந்தக் காணொளி எங்கள் குடும்பத்துக்கு மட்டும் வந்த ஒன்றல்ல என்று புரிந்தது. கை, கால் இழந்தவர் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து இப்படி ஏதாவது வந்துகொண்டிருக்கிறது. ஆகவே மச்சானுக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பயோனிக் என்றால் என்ன?

உடலின் ஓர் உறுப்போ புலனோ செய்யும் வேலையை மின்சாரத்தின் உதவியோடு செய்யும் கருவிகளைப் பொதுவாகப் பயோனிக் கருவிகள் என்கிறார்கள். கை, கால் மட்டும் இதில் அடங்குவதில்லை. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர், செவிப்புலன் இழந்தவர்களுக்குக் காதின் உட்பகுதியில் பொருத்தும் கொக்லியர் கருவி, விழித்திரையில் பொருத்திய மின்முனைகள் எல்லாம் இந்த வகைதான். உலகச் சந்தையின் பெறுமதி இத்தனை பில்லியன் டொலர் என்று வரும் அறிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் பேஸ்மேக்கரையும் சேர்த்துக் கணக்கிடுகிறார், இன்னொருவர் கை, கால்களை மட்டும் எடுக்கிறார். சந்தை வளர்கிறது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

பயோனிக் கை இயங்கும் முறை விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. விரல்கள் போய்விட்டாலும் அவற்றை இயக்கிய தசைகள் முன்னங்கையில் எஞ்சியிருக்கும். விரலை மடக்க நினைத்தால் அந்தத் தசை சுருங்கும். சுருங்கும்போது மிகச் சிறிய மின் சைகை ஒன்று தோலின் மேல் வரும். செயற்கைக் கையின் உட்புறத்தில் தோலைத் தொட்டபடி இருக்கும் மின்முனைகள் அதைப் பிடித்துப் பெரிதாக்கி, மோட்டாரை ஓடவிடுகின்றன. ஒரு தசை கையை விரிக்கும், மற்றது மூடும்.

இதை மாமாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத விரல்களை மடக்கிக் காட்டினார். என் கையை அவருடைய எஞ்சிய கையின் மேல் வைத்துப் பார்த்தேன். உள்ளே தசை அசைந்தது. “விரல் இன்னும் அங்கதான் இருக்கு பிள்ளை. இரவில சில வேளை கடுக்கும்” என்றார்.

கால்களில் பயோனிக் என்பது பெரும்பாலும் முழங்கால் மூட்டைக் குறிக்கும். முழங்காலுக்கு மேல் கால் இழந்தவரின் செயற்கை மூட்டுக்குள் ஒரு சிறு கணினி இருக்கும். அது நடையின் வேகத்தையும் மூட்டின் கோணத்தையும் வினாடிக்குப் பல தடவை அளந்து, மூட்டு எவ்வளவு இறுக வேண்டும், எவ்வளவு தளர வேண்டும் என்று தீர்மானிக்கும். கால் தடக்குப்பட்டால் மூட்டு சட்டென்று மடியாமல் தாங்கும். ஜேர்மனியின் ஒட்டோபொக் நிறுவனம் 1997இல் அறிமுகப்படுத்திய சி-லெக் இந்த வகையில் முன்னோடி. விழுவது குறையும் என்பதால், முழங்காலுக்கு மேல் கால் இழந்தவர்களுக்கு இது உண்மையான பயன் தரும் கருவி.

போர்கள் வளர்த்த தொழில்

இந்தத் தொழிலின் வரலாறு எங்களுக்கு அந்நியமானதல்ல. ஒட்டோபொக் 1919இல் பேர்லினில் தொடங்கப்பட்டது, முதலாம் உலகப் போரிலிருந்து கை, கால் இழந்து திரும்பிய ஆயிரக்கணக்கான படையினருக்காக. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செதுக்குவதை விட்டு, பாகங்களைத் தொழிற்சாலையில் தொகையாகச் செய்து பொருத்தும் முறையை அது கொண்டுவந்தது. இன்று அதன் ஆண்டு விற்பனை 1 பில்லியன் யூரோவைத் தாண்டியது.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படையினர் கைகளை இழந்தபோது, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆய்வு முகவரகமான டார்பா 2006இல் செயற்கைக் கை ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் உருவான கைக்கு 2014இல் அங்கே அனுமதி கிடைத்தது. லூக் என்ற பெயரில் 2017இல் அதை முதலில் பெற்றவர்கள் முன்னாள் படையினர். பணம் கொடுத்தது அவர்களுடைய அரசாங்கம்.

2022க்குப் பின்னர் உக்ரேன் இதே பாதையில் போகிறது. லிவிவ் நகரில் 2023இல் திறக்கப்பட்ட சுப்பர்ஹியூமன்ஸ் நிலையம் போரில் காயப்பட்டவர்களுக்குச் செயற்கை உறுப்பும் சத்திரசிகிச்சையும் உளவள உதவியும் ஒரே இடத்தில் வழங்குகிறது.

எங்கள் போரும் ஆயிரக்கணக்கானோரின் கை, கால்களை எடுத்தது. ஆனால் அதன் பின்னால் இப்படியொரு தொழில் வரவில்லை. அந்த நாடுகளில் காயப்பட்டவருக்காகச் செலவழிக்க ஓர் அரசு இருந்தது. எங்கள் பக்கம் காயப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைத்துணியோடு ஓடிவந்த சனங்கள். அவர்களுக்காக யார் செலவழிப்பது என்ற கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை.

காசு கொடுப்பவர் யார்?

மச்சான் முதலில் கேட்டது விலையைத்தான். பயோனிக் கைக்குக் கடை விலை போல ஒன்று கிடையாது. அளவெடுத்தல், பொருத்துதல், பயிற்சி எல்லாம் சேர்ந்துதான் விலை. விரல்கள் தனித்தனியே அசையும் கை ஒன்று பொருத்தி முடிக்க மேற்கு நாடுகளில் 20 ஆயிரம் டொலரிலிருந்து 1 இலட்சம் டொலர் வரை ஆகும் என்றே பெரும்பாலான செய்திகள் சொல்கின்றன. குறைந்த தொகையை எடுத்தாலும் எங்கள் காசில் சுமார் 60 இலட்சம் ரூபாய்.

அந்த நாடுகளிலும் பெரும்பாலானவர்கள் இதைத் தங்கள் பையிலிருந்து கொடுப்பதில்லை. ஜேர்மனியில் சுகாதாரக் காப்புறுதி கொடுக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கான திணைக்களமும் காப்புறுதி நிறுவனங்களும் கொடுக்கின்றன. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2022இல்தான் பல விரல் இயக்கக் கைகளைத் தன் செலவில் வழங்க முடிவெடுத்தது. அவ்வளவு வசதியுள்ள சேவையே அத்தனை காலம் யோசித்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மூக்குக்கண்ணாடி முதல் சக்கர நாற்காலி, செயற்கைக் கால் வரை ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவைப்படுவோர் உலகில் 250 கோடிப் பேர். கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. சில வறிய நாடுகளில் தேவையுள்ளவர்களில் 3 வீதமானோருக்கே கிடைக்கிறது, வசதியான நாடுகளில் 90 வீதமானோருக்குக் கிடைக்கிறது. சந்தை வளர்வது அந்த 90 வீதத்தின் பக்கம்.

கை என்ன செய்யும், என்ன செய்யாது?

காணொளியைப் பார்த்து முடித்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி, “அது மழையில நனையலாமோ?”

சில கைகள் தண்ணீரைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன. பல அப்படியல்ல. மண், மணல், உப்புக் காற்று எல்லாம் மோட்டாருக்கும் சிறு மூட்டுகளுக்கும் எதிரிகள். வன்னி வெயிலில் சொக்கெற்றுக்குள், அதாவது எஞ்சிய கை நுழையும் கூட்டுக்குள், வியர்த்துக் கொட்டும்போது மின்முனை வழுக்கும், சைகை குழம்பும். பற்றரியை ஒழுங்காகச் சார்ஜ் செய்ய வேண்டும். பெரும்பாலான கைகளில் தொடு உணர்வு இல்லை. எதைப் பிடித்திருக்கிறோம், எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இன்னொரு விடயமும் முக்கியம். கனடாவின் ஆய்வாளர்களான எலைன் பிடிஸ், டொம் சாவ் ஆகிய இருவரும் 25 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மின்சாரக் கை பெற்ற வயதுவந்தவர்களில் சராசரியாக 23 வீதமானோர் அதைக் கைவிட்டிருந்தனர். தோள் பட்டியால் கம்பியை இழுத்து இயக்கும் சாதாரணக் கையைக் கைவிட்டவர்கள் 26 வீதம். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு, கைவிட்ட கணக்கில் 3 வீதம். பாரம், சூடு, வசதியின்மை, எதிர்பார்த்த பயன் இல்லாமை ஆகியவைதான் இரண்டு வகையையும் அலுமாரிக்குள் தள்ளுகின்றன.

2016 ஒக்டோபரில் சுவிற்சர்லாந்தில் சைபத்லோன் என்ற போட்டி நடந்தது. செயற்கை உறுப்புப் பொருத்தியவர்கள் அன்றாட வேலைகளைச் செய்து காட்டும் போட்டி அது. உடுப்புக் காயப்போடுவது, காலை உணவு தயாரிப்பது போன்ற வேலைகள். மோட்டார் கைகளோடு வந்தவர்களையெல்லாம் முந்தி வென்றவர், கம்பியால் இயங்கும், பற்றரியே இல்லாத கையோடு வந்தவர்.

பயோனிக் கை பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு, இரண்டு கைகளையும் இழந்தவருக்கு, பக்கத்தில் நல்ல நிலையம் உள்ளவருக்கு அது வாழ்க்கையை மாற்றலாம். ஆனால் எந்தக் கை பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது அவர் செய்யும் வேலை.

கம்பனி கைவிட்டால்?

பயோனிக் கருவி எதுவும் ஒரு தடவை வாங்கி முடிவதில்லை. உடலுக்குள் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958இல் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அது சில மணிநேரமே வேலை செய்தது. அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அதற்குள் 20க்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்கள் அவருக்கு மாற்றப்பட்டன. அவரைக் காப்பாற்றியது முதல் கருவி அல்ல, ஒவ்வொரு முறையும் அடுத்ததை வைக்க ஆயத்தமாக இருந்த வைத்தியசாலை.

மறுபக்கத்துக்கு ஓர் உதாரணம், அமெரிக்காவின் செக்கன்ட் சைட் நிறுவனம் செய்த ஆர்கஸ் 2. பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் மின்முனைகளைப் பொருத்தி, வெளிச்சத்தையும் உருவங்களின் விளிம்பையும் ஓரளவு காட்டும் கருவி அது. அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. விலை சுமார் 1 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். உலகம் முழுவதும் சுமார் 350 பேர் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்தியது. 2020இல் பணமின்றிப் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. திருத்துவதற்கு ஆளில்லை, மாற்றுப் பாகம் இல்லை. கருவி மட்டும் அவர்களுடைய கண்ணுக்குள் இருந்தது.

நிறுவனம் மூடப்படாவிட்டாலும் கைமாறும். விரல்கள் தனித்தனியே இயங்கும் ஐ-லிம்ப் கை ஸ்கொட்லாந்தின் பொது வைத்தியசாலை ஆய்வில் பிறந்தது. 2007இல் விற்பனைக்கு வந்தது. 2016இல் அந்த நிறுவனத்தை ஐஸ்லாந்தின் ஒசூர் 27.5 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. இங்கிலாந்தில் உருவான பிபயோனிக் கையை அடுத்த ஆண்டு ஒட்டோபொக் வாங்கியது. சந்தை சில பெரிய நிறுவனங்களின் கைக்குள் வருகிறது. எந்த மாதிரிக்குத் தொடர்ந்து பாகம் கிடைக்கும் என்பதை அவர்கள்தான் முடிவுசெய்வார்கள்.

இரண்டு கைமாறிய கருவிகள் இணையத்தில் மலிவாக விற்கப்படுவதையும் பார்த்தேன். அதை வாங்கி அனுப்பலாமா என்று மச்சான் கேட்டார். கையின் இயந்திரம் ஒரு பாதிதான். மற்றப் பாதி சொக்கெற். அது ஒவ்வொருவரின் உடலுக்கும் தனியாக அளவெடுத்துச் செய்ய வேண்டியது. மென்பொருளைச் சரிப்படுத்த அந்த நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர் வேண்டும். முல்லைத்தீவில் தபால் பொதியைப் பிரித்து மாட்டிக்கொள்ளும் சாமான் அல்ல அது.

எங்களிடம் இருப்பது

வடக்கில் கால் இழந்தவர்கள் நடப்பது பெரும்பாலும் பயோனிக்குக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஒரு கண்டுபிடிப்பால். ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் 1968இல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்புச் சிகிச்சை வைத்தியர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய பாதம் அது. இறப்பரால் ஆனது. வெறுங்காலோடு நடக்கலாம், சேற்றில் இறங்கலாம், குந்தியிருக்கலாம், சம்மணமிடலாம். மேற்கில் செய்த கால்கள் சப்பாத்துப் போடுபவருக்காகச் செய்யப்பட்டவை. இது வயலில் நிற்பவருக்காகச் செய்யப்பட்டது.

யாழ்ப்பாணத்தின் ஜெய்ப்பூர் நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து, இடப்பெயர்வுகளுக்கும் சண்டைகளுக்கும் நடுவில் செயற்கை உறுப்புகளைச் செய்து வந்திருக்கிறது. அதற்குச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு பல ஆண்டுகள் துணைநின்றது. 2010இல் இந்தியாவின் உதவியுடன் மெனிக் பாமில் நடந்த முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் செயற்கை உறுப்பு பொருத்தப்பட்டது. செயற்கை உறுப்புத் தொழில்நுட்பவியலாளர்களைப் பயிற்றும் பாடசாலை றாகமவில் 2004 முதல் இயங்குகிறது.

முகாமில் பொருத்திய கால் ஆயுளுக்கும் வராது. எஞ்சிய கால் மெலியும், சொக்கெற் தளரும், புண் வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 2009இல் பத்து வயதில் கால் இழந்த பிள்ளைக்கு வளர வளரப் பல தடவை மாற்றியிருக்க வேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்தோ மாங்குளத்திலிருந்தோ யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். அந்தச் செலவுக்குப் பயந்து, புண்ணோடு பழைய காலையே மாட்டுபவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் 2017 டிசெம்பரில் இணைந்தது. முதலாவது, நடமாட உதவும் தரமான கருவிகளைக் கட்டுப்படியான விலையில் கிடைக்கச் செய்யும் பொறுப்பை அரசுக்குத் தருகிறது. இரண்டாவது, மிதிவெடியால் பாதிக்கப்பட்டவர்களின் பராமரிப்பையும் புனர்வாழ்வையும் பற்றிப் பேசுகிறது. பிரதேச செயலகத்தில் செயற்கைக் கால் கேட்டு நிற்பவர் பிச்சை கேட்டு நிற்கவில்லை. அரசு கையொப்பமிட்ட கடமையைக் கேட்கிறார்.

காசு சேர்க்க முதல் கேட்க வேண்டியவை

மச்சானுக்கு நான் அனுப்பிய கேள்விகள் இவை. எந்தப் பயோனிக் கருவிக்கும் பொருந்தும்.

1. இதைப் போடப்போகிறவர் ஒரு நாளில் செய்யும் வேலைகள் எவை? அவரிடம் கேட்டீர்களா?
2. சொக்கெற் யார் செய்வது? அவரிடம் திரும்பத் திரும்பப் போய்வர முடியுமா?
3. இந்தக் கருவியைத் திருத்தப் பயிற்சி பெற்றவர் இலங்கையில் இருக்கிறாரா? இல்லையென்றால் எங்கே அனுப்ப வேண்டும், சுங்கமும் தபாலும் எவ்வளவு?
4. உத்தரவாதம் எத்தனை ஆண்டு? அது இலங்கையிலும் செல்லுமா?
5. பற்றரி, கையுறை போன்ற தேய்ந்துபோகும் பாகங்களின் விலை என்ன?
6. தண்ணீர், மண், வியர்வை ஆகியவற்றைத் தாங்குமா?
7. பயிற்சி யார் தருவது, எத்தனை நாள்?
8. கருவி பழுதாகித் திருத்தும் வரைக்கும் போட வேறொரு கை, கால் இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால், என் அபிப்பிராயம், காசு சேர்க்கத் தொடங்காதீர்கள். அதே காசில் ஒரு பகுதி நல்ல சொக்கெற்றுக்கும் போக்குவரத்துக்கும் பல ஆண்டுகளுக்குப் போதும்.

மச்சான் உடனே ஏற்கவில்லை. “காயப்பட்ட சனத்துக்கு எப்பவும் மலிவுச் சாமான்தானோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நல்ல கருவியும் அதைப் பராமரிக்கும் நிலையமும் ஒன்றாக வரும்படி கேட்பதுதான் சரி, ஒன்றை மட்டும் வாங்கிக் கொடுத்தால் அப்பா இன்னொரு முறை ஏமாறுவார் என்று சொன்னேன்.

மாமாவுக்கு யாழ்ப்பாணத்தில் அளவெடுத்து, கம்பியால் இயங்கும் கொக்கிக் கை பொருத்தியிருக்கிறோம். முதல் இரண்டு மாதம் தோள் பட்டி அறுக்கிறது என்று கழற்றி வைத்தார். இரண்டு தடவை போய்ச் சரிசெய்த பிறகு, இப்போது துணி கட்டாமல் மண்வெட்டி பிடிக்கிறார். மச்சான் மாதாமாதம் அனுப்பும் காசில் ஒரு சிறு பகுதியை அடுத்த சொக்கெற்றுக்காக மாமி வங்கியில் போடுகிறார்.

அந்தக் காணொளி இன்னும் மாமாவின் கைபேசியில் இருக்கிறது. போன கிழமை போனபோது பேரப்பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். “எனக்குத் தோட்டத்துக்கு இது காணும். ஆனா அந்த விரல் மடியிறதைப் பாக்க ஆசையாத்தான் இருக்கு” என்றார்.